மறையாத கை: முத்து காமிக்ஸ் முதல் இதழ் – ஒரு மதிப்பீடு

அரபு இலக்கியத் திறனாய்வின் தொடக்கக் காலத்திலேயே ஒரு வினா எழுந்தது. ஒரு படைப்பின் உயர்வு அதன் கருத்தில் உள்ளதா, அக்கருத்தை உருவாக்கிய முறையில் உள்ளதா என்பதே அது. பஸராவின் பேரறிஞர் ஜாஹிழ் (இறப்பு: ஹிஜ்ரி 255) இரண்டாவதன் பக்கம் நின்றார். கருத்துகள் எல்லாருக்கும் பொதுச் சொத்து. கலைஞனின் திறம் அவற்றுக்கு வடிவம் கொடுப்பதில்தான் வெளிப்படுகிறது என்பது அவருடைய கொள்கை. கவிதைக் கலையை அவர் நெசவோடும் ஓவியத்தோடும் ஒப்பிட்டார். அவருக்கு இரண்டு நூற்றாண்டுகளுக்குப் பின் வந்த அப்துல் காஹிர் அல்ஜுர்ஜானீ (இறப்பு: ஹிஜ்ரி 471), சொல்லைத் தனியாகவும் கருத்தைத் தனியாகவும் எடைபோடுவதே பிழை என்றார். இரண்டும் இசைந்து நிற்கும் அமைப்பிலேயே, அவர் 'நழ்ம்' என்று பெயரிட்ட கோப்பிலேயே சிறப்புப் பிறக்கிறது என்று நிறுவினார்.

இந்தப் பழைய அளவுகோலைக் கொண்டு நம் காலத்துச் சித்திரக்கதைப் புத்தகம் ஒன்றை அளந்து பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம். 1972ஆம் ஆண்டு சிவகாசியிலிருந்து எம். சௌந்திரபாண்டியன் வெளியிடத் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் இதழ் அது. பெயர் 'இரும்புக்கை மாயாவி'. தமிழகத்தில் இரண்டு தலைமுறைச் சிறுவர்கள் பாடநூலுக்குள் ஒளித்து வைத்துப் படித்த கதை. அந்த வெளியீடு 2022இல் தன் பொன்விழா ஆண்டைக் கண்டது. இத்தனை ஆண்டுகள் தமிழ் வாசகர் நினைவில் நின்ற ஒரு பாத்திரத்தை 'சிறுபிள்ளை விளையாட்டு' என்று ஒதுக்கிவிடுவது ஆய்வு மனப்பான்மைக்கு அழகன்று.

"மார்க்கக் கல்வியிலும் இலக்கியத்திலும் ஈடுபட்டோர்க்கு இதில் என்ன வேலை?" என்று வாசகர் சிலர் வினவலாம். உருவப் படங்களைப் பற்றிய சட்ட விவாதம் தனியே நடத்தப்பட வேண்டியது; அது இக்கட்டுரையின் எல்லைக்கு வெளியே நிற்கிறது. ஆனால் மர்மமும் கதையும் நம் மரபுக்கு அந்நியமானவை அல்ல என்பதை மட்டும் இங்கே நினைவூட்டலாம். இன்று நமக்கு முழுமையாகக் கிடைக்கும் இஸ்லாமியத் தமிழ் இலக்கியங்களுள் மிகப் பழையதாகிய 'ஆயிரம் மசலா' (1572) வினாவும் விடையுமாக அமைந்தது. அவிழ்க்க வேண்டிய முடிச்சை முன்னே வைத்துக் கேட்போரை ஈர்ப்பதே மசலா என்னும் வகையின் உயிர். கிஸ்ஸாக்கள் கதை கேட்கும் தாகத்தைத் தீர்த்தன. அரபுக் கல்லூரிகளில் மொழிப் பயிற்சிக்காக ஓதப்பட்டு வரும் ஹரீரீயின் 'மகாமாத்' ஐம்பது மாறுவேடக் கதைகளின் தொகுதியே. அபூஸைத் என்னும் எத்தன் ஒவ்வொரு நகரிலும் ஒவ்வொரு கோலத்தில் தோன்றி மக்களை மயக்குவதும், கதை சொல்லும் ஹாரிஸ் அவனை அடையாளம் கண்டுகொள்வதும் அதன் அமைப்பு. அந்நூலுக்கு யஹ்யா அல்வாஸிதீ 1237இல் எழுதித் தீட்டிய படங்கள் கொண்ட பிரதி இன்றும் பாரிஸ் தேசிய நூலகத்தில் உள்ளது. சொல்லும் படமும் கைகோத்து ஒரு மர்மத்தைச் சொல்வது நம் முன்னோர் அறிந்த கலைதான்.

இனி இதழுக்கு வருவோம். கதை தமிழில் தோன்றியதன்று. 1962 அக்டோபர் 6இல் வெளிவந்த 'வேலியண்ட்' என்னும் லண்டன் சிறுவர் வார இதழின் முதல் இதழிலேயே இது தொடராகத் தொடங்கியது. எழுதியவர் கென்னத் புல்மர். வரைந்தவர் ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ. லூயிஸ் கிராண்டேல் என்பவன் பேராசிரியர் பாரிஞ்சரின் ஆய்வுக்கூட உதவியாளன். விபத்தொன்றில் வலக்கையை இழந்து எஃகினால் ஆன செயற்கைக் கையைப் பொருத்திக்கொண்டவன். மீண்டும் நேர்ந்த ஒரு வெடிப்பில் மின்சாரம் அவன் உடலில் பாய்கிறது. அவன் இறக்கவில்லை; மறைந்துபோகிறான். எஃகுக் கை மட்டும் மறையவில்லை. மின்னதிர்ச்சி பெறும்போதெல்லாம் சிறிது நேரம் அவனால் மறைய முடிகிறது என்று தெரிகிறது. அந்த ஆற்றலைக் கொண்டு அவன் குற்றவாளியாகிறான். கொள்ளையில் தொடங்கிய தீமை பெருநகரையே மிரட்டும் அளவுக்கு வளர்கிறது. விபத்து அவன் மூளையைப் பாதித்துவிட்டது என்று கதை காரணம் கூறுகிறது. இறுதியில் அவன் தெளிகிறான். பின்வந்த கதைகளில் 'நிழற்படை' என்னும் உளவமைப்பின் வீரனாகவே மாறிவிடுகிறான்.

முதலில் கருத்தைப் பார்ப்போம். மறைந்து திரியும் மனிதன் புதியவன் அல்லன். கிரேக்க மெய்யியலறிஞர் பிளேட்டோ தம் 'குடியரசு' நூலில் கைகெஸ் என்னும் பெயரோடு தொடர்புடைய மோதிரக் கதையைச் சொல்கிறார். அணிந்தவனை மறைக்கும் மோதிரம் ஓர் இடையனுக்குக் கிடைக்கிறது. அவன் அரசனைக் கொன்று அரியணை ஏறுகிறான். பிறர் காணமாட்டார் என்ற உறுதி இருந்தால் எவனேனும் நேர்மையாக இருப்பானா என்பது அங்கே கேட்கப்படும் கேள்வி. 'ஆயிரத்தொரு இரவுகள்' தொகுதியில் பஸராவின் ஹஸன், மறைக்கும் தொப்பி ஒன்றை இரு சிறுவரிடமிருந்து தந்திரமாகக் கவர்ந்து, பிரிந்துபோன மனைவி மக்களைத் தேடித் தொலைதூரத் தீவுகளுக்குச் செல்கிறான். எச். ஜி. வெல்ஸ் 1897இல் எழுதிய 'கண்ணுக்குத் தெரியாத மனிதன்' நாவலில், மறையும் வித்தையைக் கற்ற அறிவியலாளன் அதனாலேயே மனிதக் கூட்டத்திலிருந்து அறுபட்டு அழிகிறான்.

இம்மூவரிலிருந்தும் கிராண்டேலை வேறுபடுத்துவது ஒன்றே ஒன்று: அவன் முழுமையாக மறைவதில்லை. முகம் மறைகிறது, பெயர் மறைகிறது, அந்தஸ்து மறைகிறது. செய்த கை மட்டும் அந்தரத்தில் தெரிகிறது. பூட்டை உடைப்பதும் பணத்தை அள்ளுவதும் அந்தக் கைதான். குற்றவாளியைக் காட்டாமல் குற்றத்தின் கருவியை மட்டும் காட்டும் இந்தக் கற்பனை, மறைதலைப் பற்றிய கதைகளில் புதிய திருப்பம் என்றே கூற வேண்டும்.

திருக்குர்ஆனுடன் பழகிய வாசகருக்கு இந்தப் படம் வேறொன்றை நினைவூட்டாமல் இராது. வாய்களுக்கு முத்திரையிடப்பட்டுக் கைகள் பேசும் நாளைப் பற்றி யாஸீன் அத்தியாயம் எச்சரிப்பதை நாம் அறிவோம். மனிதன் தன்னை எவ்வளவு மறைத்தாலும் அவனுடைய உறுப்பே அவனுக்கு எதிராகச் சாட்சி நிற்கும் என்பது நம் நம்பிக்கை. லண்டனிலிருந்து சிறுவர் தொடர் எழுதியவர் இதை எண்ணி எழுதியதாகக் கருத இடமில்லை. ஆயினும் அவர் கையாண்ட உருவகம் அவர் எண்ணியதைவிட ஆழமானது. படைப்பாளியின் நோக்கத்தைத் தாண்டிப் பேசும் வலிமை சில கற்பனைகளுக்கு உண்டு, இது அத்தகையது.

தமிழில் தந்தவர்கள் இந்த வலிமையைக் கூட்டினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஆங்கிலத் தலைப்பு 'ஸ்டீல் க்ளா'. அதன் பொருள் எஃகு நகம், அல்லது கொடுக்கு. விலங்கின் உறுப்பைக் குறிக்கும் சொல் அது. அச்சத்தை மட்டும் எழுப்புகிறது. தமிழில் அது 'கை' ஆயிற்று. கை மனிதனுக்குரியது. கொடுப்பதும் எடுப்பதும், உழைப்பதும் களவாடுவதும், துஆவுக்காக ஏந்துவதும் கைதான். 'கைச்சுத்தம்' என்றும் 'கையும் களவுமாக' என்றும் நடத்தையைக் கையாலேயே குறிக்கும் மொழி தமிழ். 'மாயாவி' என்ற சொல்லைச் சேர்த்ததும் பொருத்தமே. இராமாயணத்தில் வாலியோடு பொருத அசுரனின் பெயர் அது. மாயத்தால் மயக்குகிறவன் என்னும் பொருள் தமிழ்ச் செவிக்கு உடனே புலப்படும். மூலத்தைவிடத் தமிழ்த் தலைப்பே கதையின் கருவுக்கு நெருங்கி நிற்கிறது. மொழிபெயர்ப்பில் இத்தகைய வெற்றி அரிது.

கருத்து இவ்வளவு உயர்ந்ததாயின், அது செயற்படுத்தப்பட்ட முறை எத்தகையது? இங்கேதான் நம் குறைபாடுகள் தொடங்குகின்றன.

முதலாவதும் தலையாயதுமான குறை பொறுப்பைப் பற்றியது. கிராண்டேல் ஏன் தீயவனானான்? யாரும் காணவில்லை என்ற துணிவாலா? அப்படியானால் அது மனித நெஞ்சைப் பற்றிய கதை. கதாசிரியரோ அந்த வாசலைத் தாமே அடைத்துவிடுகிறார். விபத்தில் மூளை கலங்கியது, அதனால் தீமை செய்தான், கலக்கம் தீர்ந்தது, நல்லவனானான் என்று முடித்துவிடுகிறார். ஃபிக்ஹ் பயின்றோர்க்கு இதன் விளைவு எளிதில் விளங்கும். உறங்குகிறவர், சிறுவர், சித்தம் கலங்கியவர் ஆகிய மூவரிடமிருந்தும் எழுதுகோல் உயர்த்தப்பட்டுள்ளது என்பது நபிமொழி வழிவந்த சட்ட விதி. சித்தம் கலங்கியவன் 'முகல்லஃப்' அல்லன். அவன்மீது பாவம் எழுதப்படுவதில்லை. ஆசிரியர் தம் நாயகனைக் காப்பாற்றுவதற்காக அவனிடமிருந்து எழுதுகோலை உயர்த்திவிட்டார். அத்துடன் கதையும் உயர்ந்து போய்விட்டது. பாவம் இல்லாத இடத்தில் சோதனை இல்லை. சோதனை இல்லாத இடத்தில் மறைந்திருப்பதற்கும் வெளிப்பட்டிருப்பதற்கும் வேறுபாடே இல்லை. அந்தரத்தில் மிதக்கும் அந்தக் கை எதற்குச் சாட்சி சொல்லும்?

இதை யூஸுஃப் நபி (அலை) அவர்களின் வரலாற்றோடு ஒப்பிட்டால் இழப்பின் அளவு தெரியும். கதவுகள் அடைக்கப்பட்ட அறை, காண்பார் எவருமில்லை, அழைப்பவளோ அதிகாரம் உடையவள். மனிதக் கண்ணிலிருந்து மறைந்த நிலை அது. அந்த நிலையில் தெளிந்த அறிவோடு அவர்கள் எடுத்த முடிவே அவ்வரலாற்றின் உயிர்நிலை. அதனால்தான் அது கிஸ்ஸாவாகவும் காவியமாகவும் பல மொழிகளில் மீண்டும் மீண்டும் பாடப்பட்டது. நாம் இறைவனைக் காணாவிட்டாலும் அவன் நம்மைக் காண்கிறான் என்னும் உணர்வே 'இஹ்ஸான்'. அந்த உணர்வு உள்ளதா இல்லையா என்று சோதிக்க, மறையும் மனிதனைவிடச் சிறந்த கற்பனை வேறென்ன வேண்டும்? கைக்கு எட்டிய அந்த வாய்ப்பு நழுவவிடப்பட்டுள்ளது.

முடிவும் இதே காரணத்தால் வலுவிழக்கிறது. ஹரீரீயின் அபூஸைத் நாற்பத்தொன்பது மகாமாக்களில் ஏமாற்றித் திரிந்தவன். ஐம்பதாவதில் பஸராப் பள்ளிவாசலில் நின்று தவ்பாச் செய்கிறான். இதுவும் ஒரு நடிப்போ என்று ஐயுறும் ஹாரிஸ், பின்னர் அவனுடைய ஊருக்கே சென்று பார்த்துத் தெளிகிறான். எத்தனின் வாழ்க்கை முழுவதும் அந்த ஓர் இடத்தை நோக்கி நடந்து வந்ததுபோல் நமக்குத் தோன்றுகிறது. கிராண்டேலுக்குத் தவ்பா இல்லை. குணமடைதல் மட்டுமே உண்டு. குணமடைதல் மருத்துவரின் வெற்றி. தவ்பா மனிதனின் வெற்றி. பின்வந்த இதழ்களில் அவன் நாட்டைக் காக்கும் வீரனாக உலவும்போது, முன்பு செய்தவை அவன் நெஞ்சில் ஒரு வடுவையும் விடவில்லையே என்ற உறுத்தல் கூர்ந்த வாசகருக்கு எழும்.

இரண்டாவது குறை, கதை தன் விதிகளையே மதிக்காமை. வியப்புக் கதை இயற்கை விதிகளை மீறலாம். ஆனால் தானே வகுத்த விதியை மீறலாகாது. வெல்ஸின் நாயகன் மறைந்தபோது அவனுடைய ஆடை மறையவில்லை. ஆகவே அவன் குளிரில் ஆடையின்றி நடுங்குகிறான்; சேறு படிந்த காலடிகள் அவனைக் காட்டிக்கொடுக்கின்றன. ஆற்றலுக்கு விலை உண்டு என்பதை அந்நாவல் பக்கந்தோறும் காட்டுகிறது. கிராண்டேலோ ஆடையோடு சேர்ந்து மறைகிறான். இரும்பு மட்டும் ஏன் மறையவில்லை என்பதற்கு நிறைவான விளக்கம் இல்லை. விளக்கம் இல்லாததைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். மறையாத அந்தக் கை அவனுக்குத் தீராத ஆபத்தாக அல்லவா இருந்திருக்க வேண்டும்? அதை எங்கே ஒளிப்பது, எப்படி மூடுவது என்பதே அவனுடைய ஓயாத கவலையாக இருந்திருந்தால் கதை பன்மடங்கு இறுகியிருக்கும். பெரும்பாலான இடங்களில் கை பார்ப்பவர்களை அலறவைக்கும் பூச்சாண்டியாகவே நின்றுவிடுகிறது.

மூன்றாவது குறை கட்டமைப்பில் உள்ளது. வாரந்தோறும் சில பக்கங்களாக வெளிவந்த தொடர் இது. ஒவ்வொரு வாரத்தின் இறுதியிலும் நாயகனை ஆபத்தில் நிறுத்திவிட்டு, அடுத்த வாரத் தொடக்கத்தில் அவனை விடுவிப்பது தொடரின் தந்திரம். அவற்றை ஒரே புத்தகமாகச் சேர்க்கும்போது அந்த ஏற்ற இறக்கங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுகின்றன. வாசகர் மூச்சுவிட இடமில்லை. எது முக்கியமான ஆபத்து, எது வெறும் வாரக்கணக்கு என்று பிரித்தறியவும் முடிவதில்லை. காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் செல்லும் வழியில் உள்ள ஐயம்பேட்டையில் பட்டுத்தறி நெய்வோரிடம் 'கோர்வை' என்றால் என்ன என்று கேட்டால் சொல்வார்கள். சேலையின் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். தனித்தனி நாடாக்களால் நெய்யப்பட்டாலும் ஒவ்வோர் இழையும் மற்றதைப் பற்றிக்கொள்ளும். இணைப்பு எங்கே என்று காட்டும் அழகும் அதிலேயே. இணைப்பு விடாது என்னும் உறுதியும் அதிலேயே. பக்கத்தில் அமர்ந்து துணை நாடா வீசும் இன்னொருவர் இல்லாமல் மரபு முறையில் அது கைகூடுவதில்லை. ஜுர்ஜானீ 'நழ்ம்' என்று சொன்னதும் நெசவாளர் கோர்வை என்று சொல்வதும் ஏறக்குறைய ஒன்றே. முத்து காமிக்ஸின் முதல் இதழில் இழைகள் நல்லவை, கோர்வை தளர்ந்திருக்கிறது.

குறைகளைச் சொன்ன பின் நிறைகளை மறைப்பது நீதியாகாது. பிளாஸ்கோவின் தூரிகை இவ்விதழின் பெருஞ்செல்வம். கறுப்பும் வெள்ளையும் மட்டுமே கொண்டு, நிழலும் ஒளியும் மோதும் தெருக்களையும் அச்சம் உறைந்த முகங்களையும் அவர் உயிரோடு நிறுத்தியிருக்கிறார். இல்லாத உடலை இருக்கிறதாக உணரவைப்பது ஓவியனுக்குக் கடுமையான சோதனை. அந்தரத்தில் நிற்கும் ஒரு கையின் சாய்விலிருந்து அதற்குப் பின்னால் குனிந்தோ ஓடியோ நிற்கும் ஒரு மனிதனை நாம் ஊகித்துவிடுகிறோம். கதாசிரியர் கைவிட்ட கருவை ஓவியர் பல கட்டங்களில் காப்பாற்றியிருக்கிறார். ஆங்கிலச் சொற்களின் அளவுக்கு வரையப்பட்ட பேச்சுக் கூடுகளுக்குள் நீண்ட தமிழ்த் தொடர்களை அடக்க வேண்டிய நெருக்கடி மொழிபெயர்ப்பாளருக்கு இருந்தது. அதனால் உரையாடல் சில இடங்களில் தந்தி வாசகம்போல் குறுகியும், சில இடங்களில் இடம் போதாமல் திணறியும் நிற்கிறது. ஆயினும் முன்மாதிரி அதிகம் இல்லாத ஒரு துறையில் வழி அமைத்தவர்களின் உழைப்பு அது என்பதை மறக்கலாகாது.

இப்போது ஜாஹிழிடம் திரும்புவோம். கருத்து மலிவானது, வடிவமே அரிது என்ற அவருடைய கொள்கை சரியாயின், இவ்வளவு குறைபட்ட வடிவம் கொண்ட ஒரு கதை எப்போதோ மறைந்திருக்க வேண்டும். மறையவில்லை. படித்தோரில் பலர் கதையின் நிகழ்ச்சிகளை மறந்திருப்பார்கள். பேராசிரியரின் பெயர்கூட நினைவிராது. அந்தக் கை மட்டும் மறக்கவில்லை. எல்லாருக்கும் பொதுவாகிய கருத்துகளுக்கு நடுவே எப்போதாவது ஒன்று, வடிவத்தின் குறையையும் மீறி வாழும் வலிமை கொண்டதாக அமைகிறது என்பதற்கு இது சான்று. ஆனால் ஜுர்ஜானீ முற்றிலும் தோற்றுவிடவில்லை. வாழ்ந்தது படமே, அதன் பொருளன்று. மறையும் மனிதனின் வீரத்தை நம் சிறுவர்கள் நினைவில் கொண்டார்கள். மறையாத கையின் எச்சரிக்கையை அவர்களுக்குச் சொல்லக் கதைக்குத் தெரியவில்லை. கோப்புச் சரியாக இல்லாதபோது இழப்பது அழகு மட்டுமன்று, அறமும்தான்.

இது 1972இன் பழங்கதை என்று விட்டுவிடவும் முடியாது. முகமும் பெயரும் காட்டாமல் பேசவும், ஏசவும், பிறர் மானத்தைக் குலைக்கவும் வாய்ப்பளிக்கும் கருவியை நம் வீட்டுப் பிள்ளைகள் ஒவ்வொருவரும் இன்று சட்டைப்பையில் வைத்திருக்கிறார்கள். மின்னதிர்ச்சி தேவையில்லை, ஒரு புனைபெயர் போதும், மாயாவியாகிவிடலாம். எழுதிய விரல்கள் மட்டும் எங்கோ பதிவாகிக்கொண்டிருக்கின்றன. கிராண்டேலுக்குக் கொடுக்கப்பட்ட சாக்கு இவர்களுக்குப் பொருந்தாது. இவர்கள் சித்தம் தெளிந்தவர்கள், முகல்லஃப்கள்.

எனவே நம் பள்ளிகளிலும் மத்ரஸாக்களிலும் பிள்ளைகளிடமிருந்து இத்தகைய புத்தகங்களைப் பறித்து வைப்பதைவிட, அவற்றோடு அமர்ந்து சில கேள்விகளைக் கேட்பது பயன் தரும் என்று தோன்றுகிறது. மூளை கலங்காமலே அவனுக்கு இந்த ஆற்றல் கிடைத்திருந்தால் என்ன செய்திருப்பான்? நீ என்ன செய்திருப்பாய்? தெளிந்த பின் அவன் யாரிடம் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும்? களவாடிய பொருளை யாருக்குத் திருப்பித் தந்திருக்க வேண்டும்? பன்னிரண்டு வயதுப் பிள்ளை இவற்றுக்கு விடை தேடத் தொடங்கினால், ஆசிரியர் எழுதாமல் விட்ட கதையை அப்பிள்ளையே எழுதத் தொடங்கிவிட்டது என்று பொருள். தமிழ் முஸ்லிம் இளைஞரிடையே தூரிகைத் திறமும் கதைத் திறமும் உடையோர் பலர் உளர். மசலாவின் முடிச்சையும், கிஸ்ஸாவின் உருக்கத்தையும், மகாமாவின் தவ்பாவையும் அறிந்த ஒருவர் இந்தக் கருவை மீண்டும் எடுத்து, கோர்வை தளராமல் நெய்து தர முன்வருவாராயின், அந்த இதழை வரவேற்று இத்தகைய பக்கங்களிலேயே விரிவாக எழுதலாம். வல்ல அல்லாஹ் அதற்கு அருள் புரிவானாக.